மங்குகளைக் கவிழ்த்தவள்

காலை ஏழு மணிக்கு ஈப்போவில் பேருந்து ஏறும்போதே உடம்பு அசந்திருந்தது. எண்பத்திரண்டாம் ஆண்டு, மழைக்காலம். ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும் டிங்கிக் காய்ச்சலை ஆராயும் கோலாலம்பூர் கூடமொன்றில் எனக்குக் கொசுப்புழு சேகரிக்கும் வேலை. மூன்று வாரமாகப் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தேன். சுங்கை சிப்புட் பதினெட்டு மைல். கட்டணம் ஒரு வெள்ளி இருபது காசு. அங்கிருந்து வாடகைக் காரில் ஐந்து மைல் செம்மண் பாதை.

“அங்க என்னா சார் இருக்கு? பாதி ரப்பர் மரத்த வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டுட்டானுங்க,” என்றார் ஓட்டுநர்.

மீதிப் பாதிக்காகத்தான் போனேன். பால்வெட்டு நின்றுபோன ரப்பர் மரங்களில், பால் பிடிக்கும் மங்குகள் அப்படியே கம்பியில் இருக்கும். மழைநீர் தேங்கும், கொசு முட்டையிடும். நூறு மங்குகளைப் பார்த்துப் புழுக்களை எண்ணி வர வேண்டும்.

ஒன்பதரைக்குக் காட்டுக்குள் நுழைந்தேன். முதல் மர நிரையில் எல்லா மங்கும் கவிழ்ந்து கிடந்தது. அடுத்ததிலும் அப்படியே. பத்து நிரை நடந்தும் ஒரு சொட்டு நீர் கிடைக்கவில்லை. காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கக்கூடத் தெம்பில்லை.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். ஒரு மங்கிலிருந்த நீரைக் கொட்டி அதைத் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் நீங்கதான் கவுத்தீங்களாக்கா?”

“ஆமா சார். மங்குலதான் அந்தக் கொசு இருக்குன்னு சொன்னாங்க. மழையில வேலை இல்லாத நாளெல்லாம் வாரேன்.”

பெயர் முனியம்மா. நான்கு மாதத்துக்கு முன் அவள் மகள் செல்விக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம். ஈப்போவுக்குக் கொண்டுபோன பிள்ளை உயிரோடு திரும்பவில்லை. ஒன்பது வயது.

பன்னிரண்டு மணிக்குக் காப்பி குடிக்க, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பின்வாசலில் இரண்டு தண்ணீர்த் தொம்பைகள். பழக்கதோஷம், டார்ச்சை அடித்துப் பார்த்தேன். புழுக்கள் நெளிந்தன.

“அதுலயுமா சார்?”

இல்லையென்று சொல்லியிருந்தால் ஒரு மணி பேருந்தைப் பிடித்திருக்கலாம்.

“ஆமாக்கா.”

“அப்ப எம் பிள்ளைய எங்க வீட்டுத் தண்ணியா…”

“எந்தக் கொசு கடிச்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. மங்குக் கொசுவாவும் இருக்கலாம்.”

படியில் உட்கார்ந்துவிட்டாள். காப்பி ஆறிப்போனது. பிறகு திடீரென்று எழுந்தாள்.

“விடிய ஒரு மணி நேரந்தான் சார் குழாயில தண்ணி வருது. பிடிச்சி வைக்காம என்னா செய்யுறது? வாங்க, பெரிய கிராணிகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அவங்க காதுல விழாது. நீங்க சொன்னா விழும்லா.”

எண்ணுவது மட்டும்தான் என் வேலை. ஆனாலும் போனேன். தோட்ட அலுவலகத்தில் தலைமை எழுத்தர், அந்தப் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எழுத்தில தாங்கோ தம்பி, மேல அனுப்பிறன்,” என்றார். குழாயில் கூடுதல் நேரம் தண்ணீர் விடச் சொல்லி நின்றபடியே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முனியம்மா அந்தத் தாளை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி நின்றாள்.

கோலாலம்பூர் திரும்பியதும் அதிகாரி கேட்டார்: “புழு எங்கே? கடிதம் எழுத யார் சொன்னது?” வெறும் குப்பிகளை அவர் மேசைமேல் வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அனுப்பினார்கள். குழாயில் அதே ஒரு மணி நேரம்தான். ஆனால் லயம் முழுக்க, ஒவ்வொரு தொம்பையின் வாயிலும் மாவுச்சாக்குத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. முனியம்மாதான் வீடு வீடாகப் போய்த் தைத்துக் கட்டினாளாம். வரிசையாக அவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றிலும் புழு இல்லை.

கிளம்பும்போது கார்வரை வந்தாள்.

“உங்க வீட்டுல எத்தன மணி நேரம் சார் தண்ணி வரும்?”

“நாள் முழுக்க வரும்கா.”

அவள் கார்க் கதவைச் சாத்தினாள்.