சித்தியின் எலும்புக்கூடு

எட்டு வயதில் நான் எலும்புக்கூடாக வேலை பார்த்தேன். மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற புதிது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி வேலைக்கு, அதாவது நர்ஸ் வேலைக்கு, படித்துக்கொண்டிருந்தாள் அம்மாவின் தங்கை. எலும்புகளை வடிவம் பார்த்து வகை பிரிக்கும் பாடம் மட்டும் அவள் மண்டையில் ஏறவில்லை. அந்த வட்டாரத்திலேயே விலா எலும்பை எண்ணிவிடக்கூடிய ஒரே ஜீவன் நான். இன்றோ, என் விலாவைத் தேடி டாக்டரே திணறுகிறார்.

மாலையானால் என்னை அரைக்கால் சட்டையோடு நிறுத்தி நீல மையால் எழுதத் தொடங்குவாள். தொடையில் நீளக் கோடு இழுத்தால் அது நீள எலும்பு. மணிக்கட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள், குட்டை எலும்பு. நெஞ்சிலும் தோள்பட்டையிலும் பட்டையாகத் தீட்டினால் தட்டை. முதுகுத்தண்டு எந்த வடிவத்துக்கும் அடங்காத வகையாம். முழங்கால் சில்லுக்கு எள் எலும்பு என்று பேர். என் முழங்காலில் எள் விதைக்கிற அளவுக்கு மண் இருந்தது என்பது வேறு விஷயம்.

"ஆடாதே லா, எலும்பு இடம் மாறுது!"

"கூசுது சித்தி."

"எலும்புக்கூடு பேசாதுடா."

இதற்கிடையே உஜோங் பாசிரிலிருந்து ஒரு வரன் வந்தது. கல்யாணமானால் மிஸ்ஸி வேலையைத் தலைமுழுகிவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பினார். அம்மாவும் சரி என்றாள். சித்தியை யாரும் கேட்கவில்லை. வியாழக்கிழமை பரீட்சை, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

ஞாயிறு காலை சித்தி என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டாள்.

"மூஞ்சி எலும்பு பாக்கி இருக்குடா. அதுவும் அடங்காத வகைதான். புள்ளியா வைக்கணும்."

அன்று நீல மை இல்லை, காயத்துக்குப் போடும் சிவப்பு மருந்து. நெற்றியிலிருந்து கழுத்து வரை தாராளமாக வைத்தாள். "காயட்டும். அவங்க வந்ததும் கூடத்துக்குப் போ, முறுக்கு இருக்கும்."

மாப்பிள்ளையின் அம்மா காப்பியை உதட்டுக்குக் கொண்டுபோன நேரத்தில் நான் முறுக்கைக் குறிவைத்து நுழைந்தேன். கோப்பை அந்தரத்தில் நின்றது.

"ஆத்தாடி! பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, வாசல்ல ஒரு வேப்பிலைகூடக் கட்டலியே!"

அம்மை கண்ட வீட்டில் நல்ல காரியம் பேசக்கூடாது. கிளம்பும்போது 'போய்வருகிறோம்' என்றும் சொல்லக்கூடாது. அவர்கள் சொல்லவில்லை. நான்தான் மரியாதை தெரிந்த பிள்ளையாக வாசல்வரை ஓடி, "போயிட்டு வாங்க!" என்று கத்தினேன். அவர்கள் நடை ஓட்டமானது.

அம்மா ஈரத்துணியால் துடைத்ததும் பாதி அம்மை துணிக்கு வந்துவிட்டது. மீதிக்கு முதுகில் இரண்டு வைத்தாள்.

"எலும்புப் பாடம்மா!" என்று அலறினேன்.

சித்தி குனிந்து காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. எனக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வரன் திரும்பவில்லை. ஓய்வு பெறும்வரை சித்தி மிஸ்ஸியாக இருந்தாள். அவளைப் பாஸாக்கியது என் உடம்புதான் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன். பரீட்சைதான் வியாழக்கிழமையே முடிந்துவிட்டதே, ஞாயிற்றுக்கிழமை எதற்குப் பாடம் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.