ஜாஸ்தியா, கம்மியா

பகல் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாருடைய புகாரையோ கேட்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் கரண்டி கீழே விழுகிற சத்தத்தைக்கூடத் தாங்க முடிவதில்லை. விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கும்போது அப்பாவின் ஞாபகம் வரும். அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. அலுப்பு என்றால் பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சொல்லும் சாக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பா திருவண்ணாமலையில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சாவு, தேர்தல், எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர் போகும். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல்களுக்குக் கட்டுவார். கட்டிவிட்டு வந்துவிடவும் முடியாது. பக்கத்துப் பந்தலில் சத்தத்தைக் கூட்டினால் இங்கேயும் கூட்டச் சொல்வார்கள். கூட்டுவதற்கு ஆள் வேண்டுமே. இருபது வருஷம் அந்தக் குழாய்க்கு அடியிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்ட மனிதர் தனக்கென்று ஒரு பாட்டைக் கேட்டதில்லை.

அந்த ஆசைதான் அவருக்கு வந்தது. ஹெட்போனில் கேட்க, வால்வு வைத்த ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். பழைய ரேடியோக்களில் கழற்றிய, பல்பு மாதிரியான கண்ணாடி வால்வுகள் அவரிடம் ஒரு பை நிறைய இருந்தன. பிரவுசிங் சென்டரில் யாரோ வெளிநாட்டுக்காரர் போட்ட சர்க்யூட்டைப் பிரிண்ட் எடுத்துவந்து, அதிலும் பாதியை அடித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு வரைந்தார்.

"பாட்டு நடுவுல கொஞ்சம் நிக்குது பாரு, அந்த எடத்துல ஒண்ணுமே இருக்கக் கூடாது. எனக்கு அது போதும்" என்றார்.

ஒரு மாதத்தில் பெட்டி தயாரானது. பாட்டு அருமையாக வந்தது. ஆனால் பாட்டு நின்ற இடத்தில் ஒரு இரைச்சல் இருந்தது. அப்பாவுக்கு இருந்தது என்று சொல்ல வேண்டும். அம்மா கேட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கேக்கலீங்களே" என்றாள். சித்தப்பா கேட்டுவிட்டு, "அமைதியா கீதுண்ணா, வுட்டுடு" என்றார். அப்பா முகம் தொங்கிப்போனது. கடைசியாக என் தலையில் ஹெட்போனை மாட்டினார். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதுப்பா. லேசா."

அப்பா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "பாத்தியா? கொழந்தைக்குக் கேக்குது. உங்களுக்கெல்லாம் காது அடைச்சுப் போச்சு" என்று அம்மாவை ஒரு பிடி பிடித்தார். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் பாதுஷா கிடைத்தது.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் எனக்கு உத்தியோகம் வந்துவிட்டது. வால்வைச் சூடாக்கும் ஒயர்களை முறுக்கிவிட்டு என்னைக் கூப்பிடுவார். டிரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டியில் தள்ளிவைத்துவிட்டுக் கூப்பிடுவார். கெபாசிட்டரை மாற்றுவார், வால்வை மாற்றுவார். சிவப்பு இண்டிகேட்டர் விளக்கின்மேல் சந்தேகப்பட்டு அதையும் பிடுங்கிப் போட்டார். எண்ணெய் டின்னை வெட்டி, ஓட்டை போட்டு, வால்வுகளை மூடினார். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான்.

"இப்போ ஜாஸ்தியா, கம்மியா?"

அவர் முகத்தைப் பார்த்து, நம்பிக்கையோடு இருந்தால் "கம்மி" என்பேன். களைத்துப்போயிருந்தால் "அப்டியே இருக்குப்பா" என்பேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். என் காது பாம்புக் காது என்று சித்தப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டார். நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இந்தச் சோதனை நடக்கும்போது வீட்டில் ஃபேன் ஓடக் கூடாது, டியூப்லைட் எரியக் கூடாது, ஃபிரிட்ஜ் கூடாது. இதெல்லாம் போகட்டும். நல்ல எர்த் இருந்த பிளக் பாயிண்ட் அடுப்படியில் ஒன்றே ஒன்று. அப்பா அங்கிருந்து நீளமாக ஒயர் இழுத்து முன்னறைக்குக் கொண்டுவந்திருந்தார். அம்மாவின் கிரைண்டருக்கும் அதே பிளக்தான். ஊறவைத்த அரிசியோடு அவள் ஞாயிறு தோறும் காத்திருப்பாள்.

ஆறேழு மாதம் போனபின் ஒரு ஞாயிறு. காலை பத்து மணி இருக்கும். அப்பா முதல்நாள் பௌர்ணமிக்குப் போய்விட்டுக் கண் சிவந்து வந்திருந்தார். தூங்கவில்லை. புதிதாக ஏதோ பற்றவைத்து, டின்னை மூடி, பாட்டுப் போடாமல் சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்துக் கேட்டார். பிறகு எனக்கு மாட்டினார். மறுபடி தானே மாட்டிக்கொண்டார்.

"கம்மியாவே இல்லியே. உனக்கு?"

"இல்லப்பா. இன்னிக்கு ஜாஸ்தி" என்றேன். களைத்த முகம், அதனால் சொன்னேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். ஈரக்கையில் பிளக் இருந்தது.

"ரெண்டு பேரும் அப்டி என்னத்தக் கேக்குறீங்க? இத நான் புடுங்கி கா மணி நேரமாவுது."

எனக்கு உயிரே போய்விட்டது. அடி நிச்சயம் என்று மூலைக்கு ஒதுங்கினேன். அப்பா என்னைப் பார்க்கவேயில்லை. எழுந்து, அம்மா கையிலிருந்த பிளக்கை வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டும் அதேபோல் கண்ணை மூடிக் கேட்டார். கரண்ட் இல்லாத பெட்டி இரையாது. அப்படியானால் தனக்குக் கேட்பது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவருக்கு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவருடைய காதுக்குள்ளேயே அது குடிவந்து வெகுநாளாகிவிட்டது என்று வேலூர் டாக்டர் சொன்னது பல வருஷத்துக்குப் பிறகு.

"நீ மாவு அரைச்சுக்கோ" என்று பிளக்கை அம்மாவிடம் கொடுத்தார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல்.

"நெசமா சொல்லு. இத்தினி நாள்ல ஒரு வாட்டியாவது உனக்குக் கேட்டுச்சா?"

பொய்யால் வந்த வினையை உண்மையால் தீர்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னேன்.

"ஒரு வாட்டிகூட கேக்கலப்பா. சத்தியமா."

"சரி, போ" என்றார். அடி விழவில்லை. உண்மை பேசினால் எவ்வளவு நல்லது என்று என்னையே மெச்சிக்கொண்டு, அம்மா மாவு அரைப்பதைப் பார்க்க ஓடினேன்.