தெசாங்காவுக்கு ஐந்து ஸ்பீக்கர்

வால்யெவோவுக்கும் வியன்னாவுக்கும் இடையே பஸ் ஓட்டுகிறவன் காதால்தான் குடும்பம் நடத்த வேண்டும். மிலுட்டின் இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் நடத்தினான். பத்து நாள் ரோட்டில், நாலு நாள் வீட்டில். அந்தப் பத்து நாளும், மத்தியானம் எல்லையில் வண்டிகள் வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து, மனைவி தெசாங்காவுக்குப் போன் போடுவான். முழங்கால் எப்படி இருக்கிறது, குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா, மகள் யாஸ்னா வந்து போனாளா. அவள் சொல்லச் சொல்ல அவனுக்குள் வீடு எழுந்து நிற்கும். அவள் சொன்னால் அது நடந்தது. சாட்சி கேட்க அவனுக்குத் தோன்றியதே இல்லை.

தறிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் நின்றதில் தெசாங்காவின் இடது காது போயிருந்தது. பழைய டிவி இருந்தவரை சமாளித்தாள். யாஸ்னாவும் மருமகன் வெல்கோவும் வாங்கித் தந்த புது டிவி பெரியது, மெலிந்தது. அதன் குரல் பின்பக்கமாகச் சுவரைப் பார்த்துப் பேசியது. நாடகம் ஓடும்போது, "இப்ப என்ன சொன்னான்? அவ என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மிலுட்டின் திருப்பிச் சொல்வான். அவன் இல்லாத பத்து நாளும் யார் சொல்வார்கள் என்பதுதான் அவனை அரித்தது.

வியன்னாவில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பயணி, ஒலியைப் பிரித்து அனுப்பும் ஒரு ரிசீவர் பெட்டியையும் ஐந்து ஸ்பீக்கரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மிலுட்டினுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. பொறுமை மட்டும் உண்டு. இரண்டு விடுமுறை அதற்கே போயிற்று. முதல் தடவை படம் வந்தது, ரிசீவரில் குரல் வரவில்லை. டிவியின் முதுகில் ஒரே மாதிரி மூன்று துளைகள். குரலை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது அதில் ஒன்றுதான் என்று, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பொடி எழுத்தைப் படித்துக் கண்டுபிடித்தான். டிவி விழித்தால் ரிசீவரும் விழிக்கும்படி இரண்டிலும் மாற்றி வைத்தான். வாய் முந்தி, பேச்சு பிந்தி வந்ததைச் சரிசெய்தான். பேச்சு வரும் நடு ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் உயர்த்தினான். மூன்று ரிமோட்டில் இரண்டை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, "சிவப்புப் பட்டன். வேறு எதையும் தொட வேண்டாம்" என்று காகிதத்தில் எழுதி டிவி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினான்.

அன்று தெசாங்கா ஒரு கேள்விகூடக் கேட்காமல் நாடகத்தை முடிவுவரை பார்த்தாள். மிலுட்டின் நாடகம் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தேன் என்று அவன் தன்னிடம் ஒப்புக்கொண்ட காரியங்கள் குறைவு. இதை ஒப்புக்கொண்டான்.

அதன்பின் போனில் ஒரு கேள்வி கூடிற்று. வேலை செய்கிறதா?

"செய்யுது. நேத்து நாடகத்துல மழை பாரு, என் முதுகுக்குப் பின்னாலயே பெஞ்சுது. கொடியில துணி நனையுதோன்னு திரும்பிப் பாத்துட்டேன்."

அந்த மழையை மிலுட்டின் கூட வரும் மாற்று ஓட்டுநருக்கும், ஆறேழு பயணிகளுக்கும் சொல்லியிருப்பான்.

சில சந்தேகங்கள் வராமல் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் ஒலி அவன் வைத்துப்போன அளவைவிட மிக உயரத்தில் இருந்தது. ஸ்பீக்கர் துணியில் சிகரெட் வாடை அடித்தது. வாடைக்கு, சிகரெட் பிடிக்கும் யாஸ்னாவைக் காரணமாக நினைத்தான். ஒலி உயர்ந்ததற்கு அவன் கண்ட காரணம், தெசாங்காவின் நல்ல காதும் போகிறது என்பது. லீவு போட்டு அவளைப் பெல்கிராடுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினான். கண்ணாடி அறைக்குள் அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டபோதெல்லாம் அடக்கமாகக் கையைத் தூக்கினாள். வலது காது நன்றாகவே இருக்கிறது என்றார் டாக்டர். மிலுட்டின் நம்பவில்லை. வேறு டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தான்.

டிசம்பரில், குடும்பத்தின் காவல் புனிதரான நிக்கோலாவின் நாள் அவன் வீட்டுப் பண்டிகை என்பதால், சக ஓட்டுநர் ஒருவர் முறையை மாற்றிக்கொண்டார். மிலுட்டின் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டான். பண்டிகை மீனைச் சுத்தம் செய்யக் கூட இருக்கலாம் என்று சொல்லாமல் வந்தான். தெசாங்கா சந்தைக்குப் போயிருந்தாள். காலை பதினோரு மணி. ரிசீவர் இருந்த அலமாரித் தட்டில் ஒரு பின்னல் விரிப்பும், காய்ந்த பூ வைத்த ஜாடியும் இருந்தன. ஸ்பீக்கர்கள் இல்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

ரூஷா அக்கா எட்டிப் பார்த்தாள். வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது, படியில் யாராவது ஏறினார்களா என்று கேட்டான்.

"ஐயோ, என்ன போச்சு?"

"ரிசீவர். ஸ்பீக்கர் எல்லாம்."

அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "பயமுறுத்திட்டியே தம்பி. அது இன்னிக்குச் சாயங்காலந்தான் வரும். நீயே நாளைக்குத்தானே வரணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு என்ன சொன்னோம் என்பது உறைத்தது. காப்பி போடட்டுமா என்று கேட்டாள்.

காப்பி ஆறுவதற்குள் மற்றதும் வந்துவிட்டது. பதினாலு மாதமாக இது நடக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வெல்கோ காப்பிக்கடை திறந்தபோது, கால்பந்து ஆட்டம் காட்ட நல்ல ஒலி வேண்டும் என்று மாமியாரிடம் கேட்டிருக்கிறான். எடுத்துக்கொள், அவர் வரும்போது மட்டும் கொண்டுவந்து மாட்டிவிடு என்றிருக்கிறாள். மிலுட்டின் வருவதற்கு முந்தின நாள் எல்லாம் மூன்று மாடி ஏறும். அவன் போன மறுநாள் இறங்கும். கீழ்வீட்டுக்காரர் வாசல் கதவைப் பிடித்துக்கொள்வார். "நானே ஒரு ஸ்பீக்கரைத் தூக்கியிருக்கேன்," என்றாள் ரூஷா, உதவியைச் சொல்கிற குரலில். பஸ் கால அட்டவணை அந்தப் படிக்கட்டு முழுவதற்கும் மனப்பாடம்.

தெசாங்கா உயிருள்ள கெண்டை மீனைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தாள். கோட்டைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தவனையும் அலமாரித் தட்டையும் பார்த்தாள். குளியலறைக்குப் போய் மீனைத் தொட்டியில் விட்டுவிட்டு வந்தாள்.

"மழை பெஞ்சுதே," என்றான்.

"மொத வாரம் நெஜமாவே பெஞ்சுது." அவள் எதிரே உட்கார்ந்தாள். "அப்புறம் ஒருநாள் பின்னால யாரோ நடந்து வந்தான். நாடகத்துலதான். எனக்குத் தெரியும். ஆனாலும் எந்திரிச்சுப் போயி எல்லா ரூமையும் பாத்தேன். நீ இல்லாத வீட்டுல அஞ்சு மூலையிலயும் ஆளுங்க பேசுனா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது மிலுட்டின்."

"சொல்லியிருக்கலாமே."

"அந்தக் காகிதத்தை ஒட்டிட்டு என் மொகத்தைப் பாத்துக்கிட்டே நின்னியே. எப்படிச் சொல்றது?"

அது அவனுக்குப் புரிந்தது. சொல்லியிருந்தால் பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கரையும் எடுத்திருப்பான். ஐந்து நிமிஷ வேலை. பெட்டி கடைக்குப் போனதுகூட அவனைச் சுடவில்லை. கண்ணாடி அறைக்குள் அவள் தூக்கிய கை சுட்டது.

"பெல்கிராட் வரைக்கும் வந்தியே. கடையிலதான் ஒலியை ஏத்தி வெச்சாங்கன்னு தெரிஞ்சிருந்தும்."

"நீ லீவு போட்டுட்டே. அப்புறம் ஆத்தங்கரையில சாப்பிட்டோம். நல்லாத்தானே இருந்துச்சு அன்னிக்கு."

ஆமாம், நன்றாகத்தான் இருந்தது. அந்த நாளையும் இப்போது திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு பொய் தன் இடத்தில் மட்டும் கிடப்பதில்லை. தான் தொடாத நாட்களின் மேலும் அதன் நிழல் விழுகிறது. இருபத்திரண்டு வருஷம், ரோட்டில் இருந்த நாளெல்லாம் அவன் கண்ணால் பார்க்காத வீடு, அவள் குரலில் மட்டும் நின்ற வீடு.

"வேற என்னென்ன தெசாங்கா? ஒன் முழங்கால் எப்படி இருக்கு, உண்மையா?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். போனில் சொல்லும் அதே குரல். அவள் வேறு குரலில் சொல்லியிருந்தால், எதைப் பிடித்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் பண்டிகை. வீட்டுப் பண்டிகைக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவரை விரட்டுவதும் இல்லை. வீட்டுக்காரன் உட்காராமல் நின்று உபசரிக்க வேண்டும். பத்து மணிக்கு முதல் ஆளாக வெல்கோ வந்தான். தெசாங்கா எல்லாம் போனில் சொல்லியிருந்தாள். வராமல் இருப்பது இன்னும் கேவலம் என்று வந்திருக்கிறான். ரிசீவரை நெஞ்சோடு அணைத்திருந்தான். மிலுட்டின் வாசலில், விருந்தினருக்கு முதலில் தரும் வேகவைத்த கோதுமையும் கரண்டியுமாக நின்றான். வெல்கோவின் இரண்டு கையும் பெட்டியில். மிலுட்டின் அதை வாங்கிக்கொள்ளவில்லை, கரண்டியையும் தாழ்த்தவில்லை.

கடைசியில் வெல்கோ பெட்டியைச் செருப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, கோதுமையை வாயில் போட்டான்.

"மாமா, இதை மாட்டிடட்டுமா?"

"போகும்போது எடுத்துட்டுப் போ. ஒன் கடையிலயாவது அது நெஜமா ஓடுது."

அன்று முழுவதும் வந்தவர்கள் பெட்டியைச் சுற்றிக் கால் வைத்து நடந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். இரண்டு கோப்பை பிளம் சாராயம் உள்ளே போன கீழ்வீட்டுக்காரர் மட்டும், "நல்ல பொட்டி மிலுட்டின். போன வாரம் கோல் விழுந்தப்ப யாரோ என் முதுகுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு," என்றார். மிலுட்டின் அவர் கோப்பையை நிரப்பினான்.

நாலு நாள் கழித்து ஹங்கேரி எல்லைக்கு முன்னால் பனியில் வண்டிகள் நின்றுவிட்டன. மூன்று மணி நேரமாக ஒரு சக்கரமும் நகரவில்லை. பின்சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. மத்தியானம் ஆனதும் மிலுட்டின் போன் போட்டான். முழங்கால் பரவாயில்லை, யாஸ்னா சூப் கொண்டுவந்தாள் என்றாள் தெசாங்கா. முன்பெல்லாம் சூப் என்றால் அடுப்பும், பாத்திரமும், அவள் நிற்கும் இடமும் கண்ணில் வரும். இப்போது அவள் சொன்ன சொல் மட்டும் காதில் நின்றது.

"ரோடு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

கண்ணாடியின் மேல் பனி அப்பிக்கொண்டிருந்தது. "காஞ்சு கெடக்கு," என்றான். "சாயங்காலத்துக்குள்ள வியன்னா போயிடுவேன்."

"அப்ப நிம்மதி," என்றாள் அவள். நம்பிவிட்டாள். மாற்று ஓட்டுநர் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பனியைச் சுரண்டுவதற்காகக் கீழே இறங்கினான்.