றுஸைனாவின் வேலைக்கு ஒரு கடிதம்

பலாபத்வலயில் ஏ-9 வீதியோரமாக ஸப்ரி நானா போன் கடை போட்டு அஞ்சு வருஷமாகிறது. நான் மாத்தளையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். வேலைக்குப் போகிற வழியில் இரண்டு தடவை என் போனை அவரிடம் திருத்தக் கொடுத்தேன். இரண்டு தடவையும் சொன்ன நாளில், சொன்னபடி திருத்தித் தந்தார். "உங்க கை சும்மா கையில்ல நானா" என்று வாய் நிறையப் பாராட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் போனைத் திருத்தியது அவர் இல்லை. அவருடைய தங்கச்சி றுஸைனா. என்னோடு ஒரே பாடசாலையில், ஒரே வாங்கில் இருந்து படித்தவள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் போனைக் கடையில் விட்டுவிட்டு வரத் தயங்குவார்கள். உள்ளே கல்யாண வீட்டுப் படம் இருக்கும், தலையில் துணியில்லாமல் எடுத்த படம் இருக்கும். முன்பின் தெரியாத ஆம்பிளை அதைத் திறந்து பார்ப்பானோ என்று பயம். ஸப்ரி நானா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "பயப்படாதீங்க, பொம்பளைங்க போனெல்லாம் வீட்டுக்குத்தான் போகும். தங்கச்சி கையிலதான் ஈக்கும்" என்பார். பெண்களும் நிம்மதியாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தங்கச்சி பத்திரமாக வைத்திருக்கிறாள், படங்களைப் பூட்டிக் கொடுக்கிறாள், அதற்குப் பிறகு நானா திருத்துகிறார் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தோம். போன் அவள் கைக்குப் போகிறது என்று ஊருக்கே தெரியும். அந்தக் கைதான் திருத்துகிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. பெண்ணுரிமை பற்றி முகநூலில் பக்கம் பக்கமாக எழுதுகிற இந்த சிவநந்தினிக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாங்கள் சாதாரணதரம் முடித்து உயர்தரத்துக்குப் பிரிவு தெரிவுசெய்யும் படிவம் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எங்கள் பெண்கள் பாடசாலையில் கலை இருந்தது, வர்த்தகம் இருந்தது. தொழினுட்பத்தில் பயிர், பால், உணவு பதனிடுவது பற்றிய பிரிவு மட்டும் இருந்தது. மின்சாரம், மோட்டார், இலத்திரனியல் எல்லாம் படிக்கிற பொறியியல் தொழினுட்பம் ஆண்கள் பாடசாலையில்தான். றுஸைனா எழும்பி, "டீச்சர், மத்தது எங்கட ஸ்கூலுக்கு எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"கேக்கிற பிள்ளைங்க இருந்தா வரும்" என்றார் டீச்சர்.

"நான் கேக்கிறேனே டீச்சர்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கடைசியில் இரண்டு பேரும் கலைப் பிரிவுக்குக் கையெழுத்துப் போட்டோம். பெண்பிள்ளைகள் தாங்களாகவே தொழினுட்பத்தைத் தெரிவுசெய்வதில்லை என்று இப்போது கூட்டங்களில் யாராவது புள்ளிவிவரத்தோடு சொன்னால் என் வாய் சும்மா இருப்பதில்லை. ஒரே நிறச் சேலையை எடுத்துப்போட்டுப் பிடித்ததை எடு என்று சொன்னால் எதை எடுப்பது? கேட்டால் தேநீர் இடைவேளை என்று எழும்பிவிடுகிறார்கள்.

ஸப்ரி நானாவுக்கு அந்தப் பொறியியல் பிரிவு கிடைத்தது. அவருக்கோ அதில் துளியும் மனமில்லை. ஆட்களோடு பேசிப் பழகுவதுதான் அவருக்குப் பிடிக்கும். ஆம்பிளைப் பிள்ளை, வேறு என்ன படிப்பான் என்று வீட்டில் சேர்த்துவிட்டார்கள். அவருடைய புத்தகங்களை உட்கார்ந்து வாசித்தது றுஸைனா. பிறகு கொரோனா ஊரடங்கில் வீட்டிலிருந்த செத்த போன்களையெல்லாம் கழற்றி, வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினாள். அண்ணன் கடை திறந்த பிறகு, அவர் பகல் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு பையில் போன்கள் வரும், அடுத்த நாள் காலையில் திருத்தியது திரும்பிப் போகும். உம்மா றமீஸாவுக்கு இது தெரியும். வாப்பா ஜுனைதீன் மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவர். விடிந்தால் போய்ப் பொழுதுபட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மகள் பிரஷ்ஷும் கையுமாக இருப்பதைக் கண்டாலும் போனைத் துடைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

போன வருஷம் என் அக்காவின் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதுதான் எனக்குக் கண் திறந்தது. றுஸைனா கண்ணில் பூதக்கண்ணாடியோடு, கையில் சோல்டரிங் அயனோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி செய்ற?"

"ஒன்ட போனுக்கு ரெண்டு தரம் செஞ்ச அதே வேலை."

"அப்ப நானா?"

"நானா கடையப் பாக்கிறார்" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்திரிகையை நீட்டுவதற்குக்கூட மறந்து நின்றேன்.

அன்றைக்கு அவள் மனதில் இருந்ததைச் சொன்னாள். கண்டியில் இலத்திரனியல் டிப்ளோமா ஒன்றில் சேர வேண்டும். அதற்குத் தொழிற்தகைமைச் சான்றிதழ் வேண்டும். வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்கள், ஒரு செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றி அந்தச் சான்றிதழை எடுக்கலாம். ஆனால் இந்தக் கடையில், இந்த வேலையை, இத்தனை வருஷம் இவர்தான் செய்தார் என்று கடைக்காரர் ஒரு கடிதம் தர வேண்டும். அந்த ஒரு கடிதத்தைத்தான் ஸப்ரி நானா தர மாட்டேன் என்கிறார்.

அவருக்கும் காரணம் இருந்தது. தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற ஸக்கரியா ஹாஜியாரின் மகளை அவருக்குப் பேசியிருந்தார்கள். கைத்தொழில் தெரிந்த மருமகன் என்று ஹாஜியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. தம்புள்ளையிலே பெரிதாகப் போன் திருத்தும் கடை போட்டுக் கொடுப்பதாக இருந்தார். தொழில் தெரிந்தது தங்கைக்குத்தான் என்று கடிதத்தில் எழுதினால் அந்தக் கல்யாணம் என்னாவது?

"கல்யாணம் முடியட்டும், அடுத்த வருஷம் எழுதித் தாறேன்னு சொல்றார்" என்றாள் றுஸைனா. "அடுத்த வருஷம் எனக்கே மாப்பிள்ள பேசிடுவாங்க. அப்ப யார்கிட்டப் போய்க் கையெழுத்துக் கேக்கிறது?"

பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முடிவுத் திகதிக்கு மூன்று கிழமை இருந்தது. றுஸைனா சண்டை பிடிக்கவில்லை, அழவுமில்லை. அடுத்த நாள் வந்த பையைத் திறக்காமல் மேசையில் வைத்தாள். "கடிதம் வந்தா போன் வரும்" என்று உம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். இரண்டாம் நாளும் பை அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் கடையில் ஆட்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். என்னடா நடக்கிறது என்று வாப்பா தன் வியாபாரத்தை விட்டுவிட்டுத் தினமும் கடையில் வந்து உட்காரத் தொடங்கினார். மகனுக்குக் கண்ணூறு பட்டுவிட்டது என்று அவருக்குக் கவலை.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. நான் வாங்கி வாசித்தேன். "எனது தங்கை றுஸைனா நாலு வருடமாக எனது கடையில் உதவியாளராக இருந்து வருகிறார்." உதவியாளராம்! எனக்கு அந்தக் கடதாசியைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

"எழுதினா எழுதட்டும்" என்றாள் றுஸைனா. "அங்க கையாலதானே செஞ்சு காட்டணும்." அன்றைக்கே பையைத் திறந்து வேலையைத் தொடங்கினாள்.

பரீட்சைக்குத் தனியாக அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. நான் லீவு போட்டுக்கொண்டு ரயிலில் கண்டிக்குக் கூடப் போனேன். பரீட்சைக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர், பதினொரு பேர் ஆண்கள். பரீட்சகர் தலை நரைத்த சிங்களப் பெரியவர். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "மல்லி வெளியில நிக்கிறாரா?" என்று சிங்களத்தில் கேட்டார். பரீட்சைக்கு வந்த தம்பியைக் கேட்கிறாராம்.

"நான்தான் சேர்" என்றாள் றுஸைனா. மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. தானே கதிரையை இழுத்துப் போட்டார்.

அவளுக்குக் கிடைத்தது சார்ஜ் ஏறாத ஒரு போன். வெளியே ஒரு பழுதும் தெரியவில்லை. மற்றவர்கள் சார்ஜ் போடும் வாயை மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் போனின் உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகையில் ரோசின் பிசினின் புகையைப் பிடித்தாள். பலகை முழுக்க மெல்லிய வெள்ளை படிந்தது. கொஞ்சமாக மின் கொடுத்ததும் பழுதான இடம் சூடாகி, அந்த இடத்தில் மட்டும் வெள்ளை உருகியது. கடுகு அளவு துண்டு ஒன்று. அதைக் கழற்றிப் புதியது வைத்தாள். போன் உயிர் பெற்றது.

பரீட்சகர் கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் வாசித்தார். "உதவியாளர்னு போட்டிருக்கே. நீங்க எதுக்கு உதவி செஞ்சீங்க?"

அவள் எதை யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அண்ணனின் கல்யாணம், சொல்லாவிட்டால் நாலு வருஷ உழைப்பு.

"திருத்துறதுக்கு" என்றாள் கடைசியில்.

"அப்ப அண்ணன் என்ன செய்வார்?"

"கஸ்டமரோட பேசுவார் சேர்."

பதினொரு பேரும் சிரித்தார்கள். பரீட்சகர் சிரிக்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும், அது விதி என்று கடிதத்திலிருந்த இலக்கத்துக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். வெளியே தெரியாத பழுதை உங்கள் கடையில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்.

"மீட்டர் வச்சுப் பாப்போம் சேர்."

"அதுக்குப் பிறகு?"

மறுபக்கத்தில் லொறி போகிற சத்தம் மட்டும் கேட்டது. றுஸைனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேர்" என்றார் ஸப்ரி நானா. "எனக்குத் தெரியாது. இந்தக் கடையில ஒரு போனையாவது நான் திறந்ததில்ல. எல்லாம் தங்கச்சிதான். உதவியாளர்னு எழுதினது என்ட பிழை."

"என்னடா சொல்றாய்?" என்று பின்னால் வாப்பாவின் குரல் கேட்டது. அத்தோடு தொடர்பு அறுந்தது.

பரீட்சகர் அவளைச் சித்தியடையச் செய்து கையெழுத்துப் போட்டார். திரும்பி வருகிற ரயிலில் அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. "நானாட கல்யாணம் என்னால நிக்கப் போகுது நந்தினி" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டு வாசலில் ஸப்ரி நானா நின்றார். "நான் ஹாஜியாருக்குக் கோல் எடுத்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னார்" என்றார். "நீ ஏன் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? நாலு வருஷமா யாராவது எதையாவது கேட்டுருவாங்களோன்னு பயந்து பயந்துதான் ஒவ்வொரு போனையும் திருப்பிக் குடுத்தேன். இன்டைக்குத்தான் மூச்சு விடுறேன்." எனக்கு அவர் மேலிருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை நான் இன்னும் விடவில்லை.

வாப்பா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மகளைக் கண்டதும் எழும்பி வந்து, அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகளில் சோல்டரிங் சுட்ட சின்னச் சின்னத் தழும்புகள். அடுப்பில் சுட்டது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாராம்.

"நாலு வருஷம் மகள்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "அஞ்சு வக்துத் தொழுகையிலயும் ஸப்ரிட கைக்கு அருளும் பரக்கத்தும் குடு அல்லாஹ்ன்னுதான் துஆ கேட்டேன்."

றுஸைனா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண் நிறைந்திருந்தது.

"யார்ட கைன்னு அல்லாஹ்வுக்குத் தெரியும் வாப்பா" என்றாள். "ஆனா இனிமே என்ட பேரச் சொல்லிக் கேளுங்க."