கண்ணாடி வழியே வந்த வெயில்

தும்மல் வந்தால் அவள் மேசையைப் பிடித்துக்கொள்வாள். நாற்பத்தாறு வயது. இந்தக் குளிர் நாட்டுக்குப் பிழைக்க வந்து பதினோரு வருடமாகிறது. பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. அங்கே ஜன்னல் கிடையாது.

அவளுடைய அம்மாவுக்கு ஐம்பது வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. கீழே விழவில்லை. குனிந்து வாளியைத் தூக்கினாள், அவ்வளவுதான். அப்புறம் கட்டிலை விட்டு எழவே இல்லை.

ஆறு மாதமாக இவளுக்குத் தொடையில் வலி. நடை மாறிவிட்டது.

"வாத்து மாதிரி நடக்குறே. முட்டை கிட்டை போட்டுடாதே" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

சிரித்தாள். மெதுவாகத்தான் சிரித்தாள்.

வெயில் எலும்புக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். லீவு நாளெல்லாம் ஜன்னலோரம் கால் நீட்டி இரண்டு மணி நேரம் உட்காருவாள். மூன்று வருடமாகத் தவறியதில்லை. அதை நம்பித்தான் தூங்கினாள்.

"வைட்டமின் டி சுத்தமா இல்லையேம்மா" என்றார் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா. நம் மொழி பேசுகிறவர்.

"வாராவாரம் வெயில் காயறேனே டாக்டர்."

"எங்க?"

"ஜன்னல்கிட்ட."

"திறந்து வச்சா?"

"குளிருமே. சாத்திட்டுத்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணாடி சூட்டை மட்டுந்தான் உள்ள விடும். எலும்புக்கு வேண்டியதைத் தடுத்துடும். நம்ம நிறத்துக்கு இந்த ஊரு வெயிலே பத்தாது. மாத்திரை போட்டிருக்கணும்."

"எங்கம்மா எலும்புதானே எனக்கும்?"

"அம்மாகிட்டேருந்தும் கொஞ்சம் வந்திருக்கலாம். முதல்ல எக்ஸ்ரே பாப்போம்."

படம் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துத் தொடையின் மேல்முனையைக் காட்டினார். மயிரிழை போல ஒரு கோடு.

"விரிசல். முழுசா முறியல."

"நான் எங்கயும் விழலியே!"

"விழாமலே வரும். மாத்திரை, ஊசி, ஓய்வு. ரெண்டு மூணு மாசத்துல ஆறிடும். ஊன்றுகோல் தரச் சொல்றேன். அந்தக் காலை அழுத்தி ஊனக் கூடாது."

ஆறிடும் என்பது அவள் காதில் விழவில்லை. காலையில் இதே காலை ஊன்றித்தான் பஸ் ஏறினாள். நேற்று எட்டு மணி நேரம் நின்றாள்.

ஊன்றுகோல் வந்தது. கூட வந்திருந்த கணவர் இப்போது கேலி பேசவில்லை. குனிந்து தோளைக் கொடுத்தார்.

"எந்திரி. நான் பிடிச்சுக்கறேன்."

"தொடாதீங்க."

"மெதுவாத்தான்."

"வேண்டாங்க. கொஞ்சம் இருங்க."

வெளியே அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பிடித்தபடி அவள் உட்கார்ந்தே இருந்தாள்.