டாக்டர் பெண்ணுக்குக் கொடுத்த காதல் கதை

காலையில் கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காடு போகிற பஸ்ஸில், டாக்டராக வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பெண் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். என்னிடமிருந்து இரவலாகப் போன நாவலைத் திருப்பித் தந்தாள்.

நானாகக் கொடுத்ததல்ல. அவள் அம்மா என்னிடம் கேட்டு வாங்கிப்போய் அவள் தலைமாட்டில் வைத்தது. பூஜை அலமாரியில் வைத்தாலும் குற்றமில்லாத, சுத்தமான காதல் கதை. பெரிய டாக்டராகும் ஆசையில் பிரிந்த இருவர், வருடங்கள் கழித்து மறுபடி சேருகிறார்கள்.

இவளுக்கும் ஒரு டாக்டரோடுதான் நிச்சயமாகியிருந்தது. டெல்லியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததும் அவன் கல்யாணத்தை நிறுத்திவிட்டான். இப்போது படிப்பு முடிந்து, மறுபடி பெண் கேட்கிறார்கள்.

"கதை எப்படி அம்முணி?"

"நல்லாருக்குதுங்க அத்தை. கடைசியில அழுதுட்டேன்."

"அப்ப நீயும் அவனுக்கு இன்னொரு வாய்ப்புக் குடுக்கலாமல்ல?"

"குடுக்கலாமுங்க. ஆனா கதையில அவனே ஆஸ்பத்திரி வாசல்ல காத்திருந்து மன்னிப்புக் கேக்கறான். இங்க அவங்கம்மா எங்கம்மாவுக்குப் போன் பண்றாங்க. அவன் எனக்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பலீங்க."

முருகா, இந்தப் பெண் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் அம்மா மதில் பக்கம் வந்து, "என்னங்க சொன்னா?" என்றார். அப்படியே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற கதைப் புஸ்தகம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை வாயே திறக்காமல், அம்மாக்கள் இருவரும் போனில் பேசியே சேர்த்துவைக்கிற நாவல் உங்கள் யாரிடமாவது இருக்கிறதா? என் அலமாரியில் இல்லை.