டப்பாவுக்குள் கரித்துண்டு

பலகாரம் வீட்டுப் படியைத் தாண்டினால் அதோடு ஒரு கரித்துண்டும் தாண்ட வேண்டும். முதுநகரில் எங்கள் வீட்டில் அது சட்டம். வடையோ, அதிரசமோ, மீன் வறுவலோ, அடுத்த தெருவுக்குப் போவதானாலும் மூடியைத் திறந்து ஒரு கரியை உள்ளே போட்டுத்தான் அம்மா கையில் கொடுப்பாள். வாசனைக்குப் பின்னாலேயே ஏதோ வந்துவிடுமாம். எது வரும் என்று கேட்டால், "வரும், அவ்ளோதான். பேர் சொன்னா சீக்கிரமா வரும்" என்பாள்.

பேர் இல்லாத ஒன்றுக்குப் பயப்படுவதைப் போலக் கஷ்டம் வேறில்லை. நாய் என்றால் கல்லை எடுக்கலாம். மாடு என்றால் ஒதுங்கி நிற்கலாம். இது என்ன என்றே தெரியாமல், மீன் வறுவலைத் தூக்கிக்கொண்டு பின்னால் பின்னால் பார்த்தபடியே நான் நடந்த தெருக்கள் எத்தனையோ. இன்றைக்கும் கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவள் நான். அந்தப் பழக்கம் அப்போது ஆரம்பித்ததுதான்.

எட்டாவது பாதியோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்கு முன்னால் நான் பள்ளிக்கூடத்தோடு வெளியூர் போனது ஒரே ஒரு தடவை. சாரணியர் முகாம் என்று சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போனார்கள். காயலுக்குப் பக்கத்தில் டெண்ட் அடித்து, சனி ஞாயிறு அங்கேயே இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். சாப்பாடு அவர்கள் பொறுப்பு. இடையில் கொறிக்க மட்டும் பிள்ளைகளே கொண்டுவர வேண்டும். அடுப்பு மூட்டாமல் அப்படியே தின்கிற மாதிரி, ஒழுகாததாக, ஊசிப்போகாததாக, சுலபமாகச் செய்ததாக இருக்கட்டும் என்று டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசி ஆளாக நிற்கிற அம்மா, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"டீச்சர், இவ குரூப்புக்கு எல்லாப் புள்ளைங்களுக்கும் எங்க வூட்லேருந்தே செஞ்சு குடுத்தனுப்புறேன். அவுங்க ஒண்ணும் கொண்டாற வாணாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். பொரி நமுத்துப் போனால்? உருண்டை உடைந்து போனால்? என்னை நம்பி வெறுங்கையோடு வருகிற பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தால்? அதற்குப் பிறகு திங்கட்கிழமை வகுப்புக்குள் எப்படி நுழைவேன்?

அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டால்கூட என்னைச் சித்தப்பா பிள்ளைகளோடு அனுப்பாதவர். அவரும் இந்த முகாமுக்கு மறுபேச்சில்லாமல் சரி என்றார். அது இரண்டாவது அதிசயம். நல்லது நடந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று துருவிப் பார்க்கிற புத்தி எனக்கு அப்போது வரவில்லை. கெட்டதைப் பற்றி மட்டும்தான் கவலைப்படத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பொரியை வெறும் சட்டியில் மொறுமொறுவென்று சூடேற்றி, பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கருவேப்பிலை, வேர்க்கடலை எல்லாம் சேர்த்துப் பிரட்டினாள். பொட்டுக்கடலையை நாட்டுச்சர்க்கரையோடு மிக்சியில் ஓட்டி, நெய்யைக் காய்ச்சி ஊற்றி, சூடு ஆறும் முன் உருண்டை பிடித்தாள். கெட்டி அவலை வறுத்துத் தேங்காய்ச் சில்லும் வெல்லமும் போட்டுக் கலந்தாள். தேங்காய் ஊசிப்போகுமே என்றேன். சில்லைச் சிவக்க வறுத்துத்தான் போட்டிருக்கிறேன், நாளைக்கழித்து வரைக்கும் தாங்கும் என்றாள். எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூட இவ்வளவு கைவேகம் பார்த்ததில்லை.

செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா, நிலைப்படியில் உட்கார்ந்து உருண்டை ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஷிப்ட்டுக்கு ஆள் எடுக்குறாங்க. வரியா இல்லியா, ஒரு வார்த்த சொல்லு. அப்பறம் வேற யாரையாவது போட்டுடுவாங்க."

"இது போயிட்டு வந்துரட்டும்க்கா" என்றாள் அம்மா, தலையால் என்னைக் காட்டி.

கடைசியில் கரி. கேஸ் அடுப்பு வந்தபின் வீட்டில் கரி ஏது? முன்பெல்லாம் எங்கள் அடுப்பில் அணைந்த கட்டையிலிருந்து எடுத்தது கல் மாதிரி இருக்கும். இப்போது அப்பா தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு ஒரு கை நிறைய வாங்கிவந்தார். பெரிய பெரிய துண்டுகள். ஒன்று போதுமே என்றேன். "ஆறு தாண்டிப் போவுது, ஜாஸ்தியா இருந்தா தப்பில்ல" என்று அம்மா ஒவ்வொரு டப்பாவிலும் மூன்று நான்கு துண்டுகளைப் புதைத்து மூடினாள்.

வேன் கிளம்பியதிலிருந்து டப்பாக்கள் இருந்த பையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் போனார்கள். நான் போகவில்லை. பை சாய்ந்துவிட்டால்?

சாயங்காலம் படகில் ஏற்றினார்கள். துடுப்புப் போட்ட அண்ணன் அந்தப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். அதுவரை கடல் என்றால் எனக்குத் துறைமுகத்தின் எண்ணெய் வாசனையும் ஐஸ் லாரியும்தான். இங்கே தண்ணீருக்குள்ளேயே காடு நின்றது. வாய்க்கால் குறுகிக் குறுகி, மரங்கள் இரண்டு பக்கமிருந்தும் தலைக்கு மேல் சேர்ந்துகொண்டன. வேர்கள் கிளையிலிருந்து இறங்கி, விரல்களை விரித்து, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. அது வரைக்கும் சலசலவென்று பேசிக்கொண்டு வந்த பிள்ளைகள், யாரும் அதட்டாமலே வாயை மூடிக்கொண்டார்கள். துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது. கோயிலுக்குள் தேவாரம் முடிந்து மணி அடிக்கும் முன் ஒரு நிமிஷம் எல்லோரும் சும்மா நிற்பார்களே, அப்படி இருந்தது. நான் பையின் கைப்பிடியை விட்டுவிட்டேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

மணல் திட்டு ஒன்றில் படகை ஒதுக்கினார்கள். "ம், உங்க அம்மா குடுத்ததை எடு" என்றார் டீச்சர். எல்லோரும் வட்டமாக உட்கார, நான் முதல் டப்பாவைத் திறந்தேன்.

பொரி கறுப்பாக இருந்தது. அடுத்த டப்பாவில் உருண்டைகள் கறுப்பாக இருந்தன. அவலில் எது வெல்லம் எது கரி என்றே தெரியவில்லை. இஸ்திரிக்கரி அவ்வளவு சுலபமாக உதிரும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. வேன் குலுக்கிய குலுக்கலில் அத்தனை துண்டும் தூளாகி எல்லாவற்றிலும் படிந்துவிட்டது.

என் பக்கத்து பெஞ்சுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி, உங்க அம்மா பல்பொடி குடுத்தனுப்பிட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. படகுக்கார அண்ணன் தண்ணீருக்குள் நின்றபடியே கையை நீட்டினார்.

"கரி போட்டு அனுப்புனாங்களா? நாங்களும் கொழம்பு எடுத்துனு போனா போடுவோம். இங்க குடும்மா." ஒரு கை பொரியை வாயில் கொட்டி, மென்று, யோசித்து, "பூண்டு தூக்கலா இருக்குது. எடுங்க பாப்பா, நல்லாருக்கு" என்று பல்லைக் காட்டினார். பல் முழுக்கக் கறுப்பு.

அதைப் பார்த்துவிட்டு யாரால் சும்மா இருக்க முடியும். பக்கத்து பெஞ்சுக்காரிதான் முதலில் கை விட்டாள். அப்புறம் டீச்சர். உருண்டையை ஊதி ஊதித் தின்றார்கள். ஒருத்தி பல்லைக் காட்ட, இன்னொருத்தி சிரிக்க, சிரித்தவள் பல்லும் கறுப்பாக இருக்க, எல்லோரும் மணலில் விழுந்து புரண்டார்கள். "திங்கக்கெழம இப்படியே ப்ரேயருக்குப் போலாம்டி" என்றாள் ஒருத்தி. மற்ற குரூப்பிலிருந்து பாக்கெட் சிப்ஸோடு வந்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். டப்பா அடியைத் தட்டித் தின்றோம்.

"ஷ்" என்றார் அண்ணன்.

எதிர்க்கரையில் வேர்களுக்கு நடுவிலிருந்து ஒரு தலை வந்தது. வழவழவென்று ஈரத் தலை. பிறகு இன்னொன்று, பிறகு ஒரு குடும்பமே. கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தன. வாசனைக்குப் பின்னால் வருவது இதுதான், கரி தூளாகிப் போனதால் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நீர்நாய்" என்று அண்ணன் மூச்சு விடாத குரலில் சொன்னார். "பயப்படாதீங்க. அதுபாட்டுக்கு இருக்கும்."

ஒன்று மீனை முன்னங்கால்களில் பிடித்து, மனிதர்கள் முறுக்கைக் கடிப்பது போலத் தலையிலிருந்து கடித்தது. அந்த நறநறச் சத்தம் இந்தக் கரை வரைக்கும் கேட்டது. மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கி, தண்ணீர் முழுக்கச் செம்பு நிறமாகிவிட்டிருந்தது. கூட்டம் கூட்டமாகக் கொக்குகள் காட்டின் மேல் வந்து இறங்கின. நீர்நாய்கள் எங்களையும், கறுத்த வாய்களோடு நாங்கள் அவற்றையும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு எதைப் பற்றியும் கவலை இல்லாத நேரம் அது. அப்படி ஒரு நேரம் இருக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம் வீடு திரும்பினேன். அம்மா காலி டப்பாக்களைக் குழாயடியில் வைத்துக் கழுவிக்கொண்டே யார் யார் தின்றார்கள், டீச்சர் தின்றாரா, என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கரி தூளானதைச் சொன்னேன். கை அப்படியே நின்றது. "அய்யோ, அப்ப உனக்குக் காவலுக்கு ஒண்ணுமே இல்லாம போச்சே" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். இதற்கு எதற்கு அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா டிவியை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அப்படியெல்லாம் உட்காருகிறவர் இல்லை.

"எல்லாத்தையும் நல்லா பாத்துக்கிட்டியா?"

"பாத்தேம்பா. நீர்நாய்கூட பாத்தேன்."

"அது போதும்" என்றார்.

அந்த வாரமே அம்மா செம்மங்குப்பத்துக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அது எனக்குத் தெரியாது. முகாமில் அழுக்கான யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

"காலைல பள்ளிக்கூடத்துக்கு வேணும்மா, தொவச்சிடறேன்."

"கெடக்கட்டும் வுடு, என்னா அவசரம்" என்று அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, நீரில் நனைக்காமல், அப்படியே மடித்து வைத்தாள்.

அலைந்து வந்த பிள்ளைக்கு ஒருநாள் லீவு விடுகிறார்கள் என்று எண்ணி, பையின் அடியில் சிந்திக் கிடந்த கரித்தூளைப் பல்லில் பூசி, தம்பியிடம் என் கறுத்த பல்லைக் காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.